பொதியில் கொழுப்பு இல்லை

அன்பு மகள் அலாசிக்கு,

இங்கே வடக்குப் பனிக்கரையில் நான், அம்மா, உன் தம்பி பூட்டுலிக் மூவரும் சுகம், மான்ட்ரியலில் நீயும் உன் வயிற்றில் இருக்கும் பெரியவரும் சுகமாக இருக்க வேண்டும். செத்துப்போன உன் பெரியப்பா ஜூசிப்பியின் பெயரை வைக்கப்போவதாக எழுதியிருந்தாய், பெயர் வந்தால் ஆளும் வந்தார் என்று அம்மா அழுதாள், நம் வழக்கப்படி பிள்ளையை நான் அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும், அவர் வந்ததும் முதலில் கேட்பது வெள்ளைத் திமிங்கலக் கொழுப்பாகத்தான் இருக்கும். நீயும் அதைத்தான் கேட்டாய். இதோடு அனுப்பும் பொதியைப் பிரித்தால் மீன் மட்டும் இருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

போன மாதம் உன் தம்பி பிடித்த திமிங்கலத்தை அறுத்தபோது உள்ளே ஆணுக்குரிய விதையும் இருந்தது, பெண்ணுக்குரிய கருப்பையும் இருந்தது. எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஆய்வுக்கு வந்திருந்த பெண்ணைக் கேட்டேன். தெற்கே ஆலைகளில் புழங்கிய ரசாயனங்கள் காற்றிலும் கடலிலும் வந்து கொழுப்பில் தங்குகின்றன, சுரப்பிகள் உடம்புக்கு அனுப்பும் சேதியைப் போலவே நடித்து உடம்பை ஏமாற்றுகின்றன, ஆனால் இந்த ஒரு விலங்குக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். படகு ரேடியோவில் யாரோ என் குரலில் பேசி உன் தம்பியைப் பனிப்பாறைப் பக்கம் திருப்பிவிடுவது போல என்று புரிந்துகொண்டேன்.

பிறகு மருத்துவ நிலையத்தில் கூட்டம் போட்டார்கள், மொழிபெயர்த்தவருக்கு அந்த ரசாயனத்துக்கு நம் மொழியில் சொல் அகப்படாமல் கொழுப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். எல்லாரும் வீட்டுக்குப் போய் மோந்து பார்த்தார்கள். எங்கடா கெட்டுது, நல்லாத்தானே மணக்குது என்றார் பக்கத்து வீட்டு மார்க்குசி, கெட்டாத்தான்யா ருசியே, இன்னொரு துண்டு போடு என்றான் உன் தம்பி, அன்றைக்குத் தின்றது வழக்கத்தைவிட அதிகம். அம்மா உனக்கென்று வைத்திருந்ததைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தாள். கொதித்தாலும் அந்த ரசாயனம் போகாது, அலாசி. மணமும் காட்டாது. வானொலியில் செய்தி வாசித்தே கிழவனானவன் நான், இதற்கு ஒரு சொல் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், அதுதான் பிள்ளைக்கு நல்லது என்கிறாள் நர்ஸ், கொடு. ஆனால் நீ இங்கே தின்று வளர்ந்த காலமெல்லாம் உன் உடம்பில் இருக்கிறது, ஊரைவிட்டுப் போனதால் அது உன்னைவிட்டுப் போகவில்லை, நான் பொதியில் வைக்காமல் விட்டது ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது.

அண்ணா பிறந்ததும் போனை அவர் காதில் வை. என் பங்கு எங்கேடா என்று அழுவார். கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். மீனை வந்த உடனே உறைபெட்டியில் வை, மறக்காதே.

உன் அப்பா ஜோவானசி,
வரப்போகிறவருக்குத் தம்பி.