மழைக்குக் கழட்டின வயர்

யேசு மரி சூசை துணை

மார்க்கம் றோட், ஸ்காபரோ
தை மாதம், 2010

என்ரை அன்பு மகள் கிளடிஸுக்கு,

அம்மா எழுதுறன். நானும் அப்பாவும் இஞ்சை சுகம். இவ்வளவு காலமும் உங்கடை சுகத்தை மாதாவிட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனாங்கள், இப்ப உன்னட்டையே நேரை கேக்கலாம் எண்டு வந்திட்டுது, அந்த ஒண்டுக்கே ஆயிரம் தோத்திரம். நீயும் மருமோனும் சின்னவளும், சண்டை முடிய ஆமி அடைச்சு வைச்ச காம்பாலை வெளியிலை வந்து மன்னாரிலை மாமியாக்கள் வீட்டிலை நிக்கிறியள் எண்டு கேட்ட நாள் துவக்கம் எனக்குச் சோறு சோறாத் தெரியுது. போனிலை கதைக்கிறது சரிவராது பிள்ளை. நீ அம்மா எண்டுவாய், நான் மோனை எண்டுவன், பேந்து ரெண்டு பேரும் அழுது முடிய போன் காட்டும் முடிஞ்சிடும். போனமுறையும் உப்பிடித்தான், அப்பா இப்பவும் வெளியிலை போறவரோ, இந்தக் குளிருக்கை வண்டில் ஓடுமோ எண்டு நீ கேட்டாய், நான் ஓம் எண்டு சொல்ல லைன் வெட்டுப்பட்டுது. ஓம் எண்டது உண்மைதான், ஆனால் அந்த ஓமுக்குப் பின்னாலை ஒரு பெரிய கதை இருக்கு. அதைச் சொல்லத்தான் பேப்பரை எடுத்தனான்.

வண்டில் எண்டு அப்பா சொல்லுறது அவற்றை கறண்ட் ஸ்கூட்டரை. சீனி வருத்தத்தாலை காலை எடுத்த பிறகு டொக்டர் எழுதிக் குடுத்து வந்தது, நாலு சில்லு, ஒரு கதிரை, முன்னுக்கு ஒரு கூடை. காருக்குப் பெற்றோல் மாதிரி இதுக்குக் கறண்ட், ராவைக்கு வயரைக் குத்திவிட்டால் விடிய ஓடும். அதிலை ஏறினாரெண்டால் மனிசன் ராசா. பூசைக்கும் அதிலைதான், கடைக்கும் அதிலைதான், கொண்ணன் எட்வேட் கார் கொண்டு வாறன் எண்டாலும் வேண்டாமாம், ஆக்கள் வந்து ஏத்தும் மட்டும் பாத்துக்கொண்டிருக்க நான் என்ன பார்சலோ எண்டு கேப்பார். போன வருசக் குளிருக்கை, ஊரிலை நடக்கிற சண்டையை நிப்பாட்டச் சொல்லிச் சனம் எல்லாம் றோட்டுக்கரையிலை கைகோத்து நிண்ட நேரம் இவரும் வண்டிலைப் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போய்ச் சனத்தோடை நிண்டவர். பிறகு மே மாதம் எல்லாம் முடிஞ்சுது எண்டு ரீவியிலை சொன்ன அண்டைக்கு வயரைக் கழட்டிச் சுருட்டி அலுமாரிக்கை வைச்சார். இனி ஆரிட்டைப் போறது எண்டு மட்டும் கேட்டார். அதுக்குப் பிறகு படி தாண்டேல்லை, நானும் போங்கோ எண்டு சொல்லேல்லை, நீங்கள் உயிரோடை இருக்கிறியளோ இல்லையோ எண்டு தெரியாமல் ரெண்டு பேரும் ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாக்காமல் சாப்பிட்டம். ஆடி மாதம் ஒரு மடத்துச் சிஸ்டர் போன் எடுத்து உங்கடை மூண்டு பேரின்ரை பேரும் காம்பிலை பதிஞ்சிருக்கு எண்டு சொன்னா. நான் முழங்காலிலை இருந்து அழுதுகொண்டிருக்கிறன், கொப்பர் அலுமாரியைத் திறந்து வயரைத் தேடுறார். உடனை கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொழுத்த வேணுமாம். வண்டில் அசையேல்லை. சும்மா விட்டால் அதின்ரை பற்றறி செத்துப்போகுமாம், ஆருக்குத் தெரியும். இவர் என்ன செய்தார் எண்டு நினைக்கிறாய், பற்றறியைக் கழட்டிப் பல்கனியிலை வெயிலுக்கை காயவைச்சார், பொருளாதாரத் தடைக்கை ஊரிலை நாங்கள் ரோச் பற்றறி காயவைச்ச மாதிரி. எட்வேட் வந்து கண்டிட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவன், பிறகு அவன்தான் புதுசு வாங்கிப் பூட்டினான்.

வெயில் காலம் முழுக்க வண்டில் பல்கனியிலை நிண்டுது, ஒரு கரைச்சலும் இல்லை. மழையும் ஸ்னோவும் கலந்து கொட்டத் துவங்கத்தான் வீட்டுக்கை சண்டை துவங்கினது. கொறிடோரிலை விட ஏலாது, கட்டடம் பாக்கிற சூப்பரின்டன்ற் விடமாட்டான். ஹோலுக்கை விட நான் விடமாட்டன். சில்லிலை அப்பின ஸ்னோவும் றோட்டிலை கொட்டுற உப்பும் சேர்ந்து உருகிக் காப்பெற்றெல்லாம் ஊறிப்போகும், பிறகு ஆர் கழுவுறது, கொப்பரோ? பல்கனியிலையே நிக்கட்டும் எண்டு கட்டளை போட்டன். அவரும் மேலை ஒரு தறப்பாளை இழுத்து மூடிக் கட்டி, சாச் பண்ணுற பெட்டியை ஹோலுக்கை வைச்சு, கண்ணாடிக் கதவை ஒரு விரலளவுக்கு நீக்கி அதுக்குள்ளாலை வயரை விட்டார். பெட்டியிலை சிவப்பு லைற் எரியும், பற்றறி நிரம்பினால் பச்சை வரும், பச்சை வர இராத்திரி முழுக்க வேணும். அந்த நீக்கலாலை வாற காத்திருக்கே, ஒரு பக்கம் கீற்றர் சுட மற்றப் பக்கம் கால் விறைக்கும். அதைக்கூடப் பொறுத்தன் பிள்ளை, மழையைத்தான் பொறுக்க ஏலாமல் போச்சுது.

உனக்குத் தெரியும்தானே எங்கடை வீட்டுப் பழக்கம், வானம் இருண்டால் முதல் வேலை மெயினை இறக்கிறது, ரேடியோ வயரைப் புடுங்கிறது, பிறகுதான் கொடியிலை கிடக்கிற உடுப்பை எடுக்கிறது. ஈரமும் கறண்டும் சேரக்கூடாது எண்டு பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இஞ்சை கொட்டுற மழைக்கை ஒரு வயர் வெளியிலை போய்க் கிடக்குது, நான் எப்பிடிப் படுக்கிறது? அதோடை அந்தத் தறப்பாள். அதிலை மழை விழுற சத்தம் கேக்கக் கேக்க, நீங்கள் மூண்டு பேரும் அந்த நேரம் காம்பிலை உப்பிடி ஒரு தறப்பாளுக்குக் கீழைதானே கிடந்தியள் எண்டு எழும்பிக் குந்தியிருப்பன். உங்களுக்கு மேலை கொட்டுறதை நிப்பாட்ட எனக்குக் கை எட்டாது. இது கை எட்டுற தூரத்திலை இருந்துது. அவர் படுத்த பிறகு மெல்லமாப் போய் வயரைக் கழட்டிவிட்டிட்டு வந்து படுப்பன், அண்டைக்குத்தான் நித்திரை வரும், மே மாதத்துக்குப் பிறகு வராத நித்திரை. விடிய அவர் எழும்ப முதல் திருப்பிக் குத்திவிடுவன். மழை இல்லாத நாளிலை ஒண்டும் செய்யிறேல்லை, ஆனால் இந்த மார்கழியிலை மழை இல்லாத நாள் எங்கை இருந்தது.

பற்றறி அரைவயித்தோடை எவ்வளவு நாளைக்கு ஓடும், குளிருக்கை அதுக்குப் பெலனும் குறைவாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வரேக்கை வோபர்ன் கடையளுக்கு முன்னாலை வண்டில் நிண்டிட்டுது. ஐஸ் மழை. காலில்லாத மனிசன் இறங்கித் தள்ளவும் ஏலாது, நனைஞ்சு தோய்ஞ்சு அப்பிடியே கதிரையிலை குந்திக்கொண்டிருந்திருக்கிறார். நல்லகாலம், எங்களுக்குப் பக்கத்து வீட்டு ஸாலிஹாவின்ரை மனிசன் ரஸாக் கடைச் சாமான் வானோடை அந்தப் பக்கம் போனவர் கண்டு, ரெண்டு பேரைக் கூப்பிட்டு வண்டிலையும் இவரையும் ஏத்திக்கொண்டு வந்து வாசலிலை இறக்கினார். உதடு நீலம். நான் துவாயாலை துடைச்சுக் கீற்றருக்குப் பக்கத்திலை இருத்தினன். ஸாலிஹா இஞ்சித் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து குடுத்தவ, அந்தப் பிள்ளைக்குக் கடவுள் ஒரு குறையும் வைக்கக்கூடாது.

அண்டைக்கே எட்வேட் வந்திட்டான், அவன்ரை மனிசி, உன்ரை மச்சாளும் வந்தவ. அவன் கோவத்திலை கதைக்கேல்லை, பயத்திலை கதைச்சவன், எனக்கு விளங்கினது. வண்டிலைக் குடுத்திடுவம் அப்பா, யூனியன்வில்லிலை எங்கடை வீட்டுக்குக் கீழை பேஸ்மென்ற் எல்லாம் செய்து முடிச்சுக் கிடக்குது, ரெண்டு பேரும் வாங்கோ எண்டான். நல்ல வீடுதான் பிள்ளை, குறை சொல்லக்கூடாது, ஆனால் வாசலிலை வந்து பார்த்தால் ஒரு குருவியும் இல்லை, கோயில் கடை எல்லாத்துக்கும் கார் வேணும். அப்பா அங்கை போனால் பார்சல்தான். எட்வேட் கேட்டான், வயரைக் குத்தினனீங்களோ இல்லையோ எண்டு. அப்பா, மறந்துபோனன் எண்டார். எத்தினை நாள் எண்டு கேக்க, கன நாளா மறந்துபோறன் எண்டார். எட்வேட் மச்சாளைப் பார்த்தான், மச்சாள் அவனைப் பார்த்தா. அப்பாவுக்கு மறதி துவங்கிட்டுது, இனித் தனிய விட ஏலாது, டொக்டரிட்டைக் காட்டவேணும் எண்டு அவன் மெல்லமாச் சொல்ல இவர் தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மறதியோ, இந்த மனிசனுக்கோ, முப்பது வருசத்துக்கு முன்னம் நான் கறிக்கு உப்புக் கூடப் போட்டதையே இப்பவும் சொல்லிக் காட்டுற மனிசன். தேத்தண்ணிக் கோப்பையை மேசையிலை வைச்சிட்டுச் சொன்னன், "மறந்தது அவரில்லை. மழைக்கு வயரைக் கழட்டினது நான்."

எட்வேட் என்ரை பக்கம் திரும்பினான். ஏன் அம்மா எண்டான். ஏன் எண்டால் என்னத்தைச் சொல்லுறது, மழை எண்டன், தறப்பாள் எண்டன், தங்கச்சியாக்கள் எண்டன். அப்பதான் கொப்பர் தலையை நிமித்தினார். "எனக்குத் தெரியும். கழட்டினால் அவ நித்திரை கொள்ளுறா. கொள்ளட்டும் எண்டு விட்டனான்" எண்டார். நான் வந்து படுக்க முதல் குறட்டை விட்டது முழுக்கப் பொய்க் குறட்டையாம். பார் பிள்ளை, என்ரை ஒரு இராத்திரி நித்திரைக்காக அந்த மனிசன் நடுறோட்டிலை நனைஞ்சிருக்குது, மறதிக்காரன் எண்ட பேரையும் வாங்க இருந்துது. நாப்பத்திநாலு வருசம் சேர்ந்து இருக்கிறம், ஒருநாளும் எனக்கு ஒரு பூ வாங்கித் தந்ததில்லை. எனக்கு அண்டைக்கு அவரிலை வந்த அன்பை மகளுக்கு எழுத வெக்கமாக் கிடக்குது, விடு.

எட்வேட் ஒரு தவணை குடுத்தான். இந்தக் குளிர் முடியும் மட்டும் பாப்பம், இனி ஒருக்கா நடுவழியிலை நிண்டால் மறுபேச்சில்லாமல் யூனியன்வில் எண்டான். நாங்களும் சரியெண்டம். பிறகு நானே சொன்னன், வண்டிலை ஹோலுக்கை எடுங்கோ எண்டு. தறப்பாளை மடிச்சுக் குப்பையிலை போட்டாச்சு. ஸாலிஹா கடையிலை இருந்து அகலமான பிளாஸ்ரிக் தட்டுகள் தந்தவ, சில்லுக்குக் கீழை அதுகள், உருகிற தண்ணியெல்லாம் அதுக்கை நிக்கும், கொப்பர்தான் ஊத்துறார், பின்னை. வண்டில் நிக்கிற மூலையிலைதான் நாங்கள் வருசா வருசம் நத்தாருக்குப் பாலன் குடில் கட்டுறது. ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சம். அந்தச் சுவரிலை ஒரே ஒரு பிளக், குடிலுக்கு லைற் போடுறதோ வண்டிலுக்குக் குத்துறதோ எண்டு வந்தது. பாலன் இருட்டிலைதான் பிறந்தவர், அவர் சமாளிப்பார் எண்டு அப்பா வயரைக் குத்திப்போட்டுப் பெட்டியைக் குடிலுக்கு மேலை வைக்கப் போனார், வைக்கோலுக்கு மேலை சூடான பெட்டியோ எண்டு நான் கத்தின கத்திலை ஜன்னல் கட்டிலை வைச்சார். விடியப்புறம் அது பச்சைக்கு வந்து குடிலுக்குள்ளை லேசா வெளிச்சம் விழும். இந்த வருசம் எங்களுக்கு வால்வெள்ளி அதுதான்.

இப்ப வயரைக் குத்துறதும் நான், பச்சை வந்தாப் பிறகு கழட்டுறதும் நான், வேறை ஒருத்தரும் தொடக்கூடாது. மழை பெய்தால் இப்பவும் முழிப்பு வரும், எழும்பி வந்து லைற்றைப் பாப்பன், சிவப்பெண்டால் சரி ஏறிக்கொண்டிருக்கு எண்டு போட்டுத் திரும்பிப் படுப்பன். நத்தார்ப் பூசைக்கு என்னை எட்வேட் காரிலை ஏத்த வந்தவன், அப்பா வண்டிலிலைதான் வருவன் எண்டு ஒரே பிடி. வெளியிலை சளசளவெண்டு ஈர ஸ்னோ. நாங்கள் கோயிலடிக்குப் போய்ப் பார்க்கிங் தேடி இறங்கி வர இவர் முன்வரிசை வாங்கிலுக்குப் பக்கத்திலை வண்டிலை விட்டிட்டுப் பாட்டுப் புத்தகம் பிரிச்சுக்கொண்டு இருக்கிறார். எட்வேட் போய் அவற்றை தொப்பியிலை இருந்த ஸ்னோவைத் தட்டிவிட்டான். அதுக்குப் பிறகு நாலு நாளிலைதான் நீங்கள் வெளியிலை வந்த செய்தி வந்தது, அண்டைக்கும் கொப்பர் வயரைத்தான் தேடினவர், மெழுகுதிரி கொழுத்த.

சரி பிள்ளை, சின்னவளுக்குச் சளி எண்டாய், தலையிலை மழை பட விடாதை, தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடு. அவளின்ரை பாதத்தை ஒரு பேப்பரிலை வைச்சுக் கீறி அனுப்பு, சப்பாத்து அனுப்பவேணும். மருமோனை வேலை வேலையெண்டு இப்பவே அவசரப்படுத்தாதை, கொஞ்சம் உடம்பைத் தேத்தட்டும். மாமியாரோடை முகம் கோணாமல் நட, அவ கதவைத் திறந்து விட்டவ. அங்கையும் இப்ப மாரிதானே, இடி மின்னல் எண்டால் மெயினை இறக்க மறந்துபோகாதை, அங்கை அது சரி, இஞ்சைதான் பிழைச்சுப்போச்சுது. மாதா உங்கள் மூண்டு பேரையும் தன்ரை முந்தானைக்குள்ளை வைச்சிருக்கட்டும். இன்னும் எழுத இருக்கு, ஆனால் அப்பா விடுறார் இல்லை. எட்வேட் வரேக்கை குடுத்துவிடுவம் எண்டன், கேக்கேல்லை, மகளுக்குப் போற கடிதம் நான்தான் கொண்டுபோய்ப் போடுவன் எண்டு ஜக்கெற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு வண்டிலிலை ஏறிக் குந்தியிருக்கிறார், எழுதினது காணும் எண்டு ஹோர்ன் வேறை அடிக்கிறார். வெளியிலை மழையும் ஸ்னோவும் சேர்ந்து கொட்டுது, தபால்பெட்டி சிக்னல் லைற்றுக்கு அங்காலை. கடிதம் கிடைச்ச உடனை ஒரு மிஸ் கோல் அடி, நான் எடுக்கமாட்டன், விளங்கிக்கொள்ளுவன். இந்தப் பேப்பர் உன்ரை கையிலை இருக்குதெண்டால் அப்பா பெட்டியடி மட்டும் போய்ச் சேர்ந்திட்டார் எண்டு அர்த்தம். திரும்பி வந்தவரோ எண்டு நீ யோசிக்காதை மோனை, அதுக்கு நான் ஜன்னலடியிலை நிக்கிறன்.

ஆசீர்வாதத்தோடை,
உன்ரை அம்மா
றோஸ்மேரி அமிர்தநாதர்