பாவித்த சப்பாத்து வாங்கலாமா என்று கேட்டாய்

பேசாலை,
புதன்கிழமை பின்னேரம்.

அன்பு மகன் மில்ரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மடுமாதாவின் தயவால் இங்கே அப்பாவும் தங்கச்சியும் நானும் இருக்கிறோம். உன் சுகத்தை நான் இப்போது மாதாவிடம்தான் கேட்கிறேன், உன்னிடம் கேட்டால் நல்லாய் இருக்கிறேன் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டாய். வாடைக்காற்று தொடங்கிவிட்டது, ஐந்து நாளாக அப்பா கடலுக்குப் போகவில்லை, படகை மணலில் ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்கும் கரைக்கும் நடந்துகொண்டிருக்கிறார். நாளையோடு போனை ஏஜென்சிக்காரன் வாங்கி வைத்துவிடுவான் என்று நீ சொன்னபடியால் இந்தத் தாள்களைத் தங்கச்சி மதுஷிகா இன்றைக்கே படம் எடுத்து அனுப்புவாள். போனில் பேசினால் நான் அழுவேன், நீ அவசரப்படுவாய், ஒன்றும் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாக இருந்து கடைசி வரைக்கும் வாசி.

ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தபோது சனிக்கிழமை பெலாரசிலிருந்து போலந்து எல்லையைக் கடக்கக் காட்டுக்குள் இறங்குகிறோம் என்றாய், எல்லோரும் நல்ல சப்பாத்து வாங்க வேண்டுமாம், சந்தையில் வேட்டைக்காரர்கள் பாவித்த சப்பாத்து ஒன்று பார்த்திருக்கிறேன், புதியதன் விலை கட்டாது, பழையதை வாங்கலாமா என்று அப்பாவிடம் கேட்டாய். அவர் "நல்லதெண்டால் வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் தந்தார். உன் அப்பாவுக்குச் சப்பாத்தைப் பற்றி என்ன தெரியும் மகன், கலியாணத்துக்கு ஒன்று போட்டார், அதோடு சரி. நீ அனுப்பிய படத்தை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது குதிப் பக்கம் வெளிப்புறமாகத் தேய்ந்திருந்தது. போட்டு நடந்த மனுசன் ஒரு பக்கம் சாய்ந்து நடந்திருக்கிறான், அந்தச் சாய்வு உன் காலுக்கும் வரும் என்று தோன்றியது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேசாலையில் யாரைப் போய்க் கேட்பது? மதுஷிகாவோடு கந்தோரில் வேலை செய்யும் றஸ்னா, தன் தம்பி அஸ்மி முந்தின வருஷம் அதே பெலாரஸ் காட்டு வழியால் போய்த் திரும்பி வந்தவன் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் நேற்றுக் காலமை அப்பாவுக்குச் சொல்லாமல் மன்னாருக்குப் போய், அங்கேயிருந்து பஸ் எடுத்துக் கொண்டச்சிக்குப் போனேன். பெற்றவளாக உன்னைப் போகாதே என்று சொல்லாமல், சப்பாத்து விசாரிக்கப் போகிறேனே என்று பஸ்ஸில் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

றஸ்னாவின் தாய் ஸம்ஸியா வாசலிலேயே நின்றா. "வாங்கோ அக்கா, மழைக்குள்ளை வந்திருக்கிறியள்" என்று துவாய் தந்து கதிரையில் இருத்தினா. அஸ்மி உன் வயதுதான், முகம் நல்ல முகம். எழும்பி வந்தபோதுதான் நடையைப் பார்த்தேன். வலது காலில் விரல் ஒன்றும் இல்லை. நான் பார்த்ததை அவன் கண்டுவிட்டு, "பரவாயில்லை அன்ரி, கேளுங்கோ" என்றான். நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். தானும் பாவித்ததுதான் வாங்கினானாம். "வெளியிலை பாக்கப் புதுசு மாதிரித்தான் இருந்தது, மினுக்கி வைச்சிருந்தாங்கள். அடியை ஒட்டின பசை உள்ளுக்குள்ளை உக்கிக் கிடந்தது எனக்குத் தெரியேல்லை" என்றான். இரண்டாம் நாள் சதுப்புக்குள் காலை இழுக்கும்போது அடி கழன்று சேற்றோடு போய்விட்டதாம். சார்ஜர் வயரால் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இன்னும் இரண்டு நாள் நடந்திருக்கிறான். முதலில் நோவு, பிறகு நோவே இல்லை, நோவு நின்றபோது சந்தோசப்பட்டேன் அன்ரி, அதுதான் பிழை என்று எனக்கு யார் சொல்லித் தந்தது என்றான். எல்லைப் பொலிஸ் பிடித்து ஆஸ்பத்திரியில் போட்டபோது விரல்கள் குளிரில் விறைத்துக் கறுத்துவிட்டனவாம், வெட்டித்தான் எடுத்தார்களாம்.

நான் ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டேன் மகன். புதுச் சப்பாத்து வாங்கியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பாயா தம்பி என்று கேட்டேன். என் மனதில் என்ன இருந்தது என்றால், அவன் ஓம் என்று சொன்னால் தங்கச்சியின் காப்பை விற்றாவது உனக்குப் புதியது வாங்கச் சொல்லலாம் என்பதுதான். அவன் போனை என் கையில் திருப்பித் தந்தான். பிறகு, "என்னோடை வந்த றொட்னி புதுச் சப்பாத்துத்தான் அன்ரி போட்டிருந்தவன். கடையிலை வாங்கினது, நல்ல சப்பாத்து. அவன் இன்னும் அங்கைதான்" என்றான். எனக்கு விளங்கவில்லை, முகாமிலா என்று கேட்டேன். "இல்லை அன்ரி. நாலாம் நாள் விடியக் கூப்பிட்டன், எழும்பேல்லை. என்ரை போர்வையாலை மூடிப்போட்டு மற்றவையோடை நடந்திட்டன். எந்த இடமெண்டு கேட்டால் எனக்குக் காட்டத் தெரியாது." ஸம்ஸியா தேத்தண்ணியோடு அறை வாசலில் நின்றபடி நின்றுவிட்டா. பெற்ற தாய்க்கே அவன் இதை இவ்வளவு நாளும் சொல்லவில்லை.

அந்த றொட்னி யார் தெரியுமா, வங்காலைப் பொடியன். அவனுடைய தாயை எனக்குத் தெரியும். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போனபோது எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில்தான் இருந்தா. "என்ரை பிள்ளையைப் போலந்திலை காம்பிலை வைச்சிருக்கினமாம், போன் குடுக்கினமில்லையாம், ஏஜென்சி சொன்னது" என்று என்னிடம் சொன்னா. உன் பயணக் கதையைச் சொன்னேன், உனக்காகவும் மெழுகுதிரி கொளுத்தினா. அஸ்மியிடம் நான் சத்தம் போட்டுவிட்டேன், அவ ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாவே, ஏன் சொல்லவில்லை என்று. "எந்த முகத்தோடை போய்ச் சொல்லுறது? அவனை விட்டிட்டு நீ மட்டும் ஏன் வந்தனி எண்டு கேட்டால் என்ன சொல்லுவன்?" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ஸம்ஸியா அவன் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நானும் போகாதை எண்டு காலைப் பிடிச்சுச் சொன்னனான் அக்கா, கேக்கேல்லை" என்றா. திரும்பி வரும்போது பஸ் வங்காலையில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். எனக்கு இறங்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரவு சாப்பிடாமலே படுத்தார். இன்று காலமைதான் வாய் திறந்தார். இழுவைப் படகு இரண்டாம் தரமும் வலையை அறுத்த அன்று நீயாவது போய்த் தப்பு என்று அவனிடம் சொன்னவன் நான்தானே, இப்போது வா என்று எந்த வாயால் சொல்லுவேன், அதனால்தான் நல்லதென்றால் வாங்கு என்று சொல்லிவிட்டு எழும்பினேன் என்றார். "வெறுங்கையோடை வந்தாலும் வரச்சொல்லி எழுது பிரான்சிஸ்கா, நான் சொன்னனான் எண்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன். ஏஜென்சிக்குக் கொடுத்த காசு போகட்டும் மகன், ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், வந்துவிடு.

ஆனால் நீ வரமாட்டாய் என்றுதான் மனம் சொல்கிறது. தோற்றுப்போய் வந்தவன் என்ற பெயருக்கு நீ எவ்வளவு பயப்படுவாய் என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியும். அதனால் வெட்கத்தை விட்டு இதையும் எழுதுகிறேன். அந்தச் சப்பாத்தை வாங்காதே. வேறு ஒன்று பார்ப்பதென்றால் அடியை இரண்டு கையாலும் நன்றாக வளைத்துப் பார், ஓரத்தில் வெடிப்போ வெள்ளைத் தூளோ கண்டால் வைத்துவிட்டு வா. உள்ளே கையை விட்டு முன்பக்கம் வரைக்கும் தடவிப் பார். இரண்டு கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு அளவு பார், விரல் அசைய இடம் இருக்க வேண்டும். கால் நோவது நின்றால் சந்தோசப்படாதே, உடனே கழற்றித் தேய். இவ்வளவும் அஸ்மி சொல்லித் தந்தது. இவ்வளவும் சரியாகச் செய்தாலும் போதாது என்றும் அவன்தான் சொன்னான். எனக்கு வேறு எதுவும் தெரியாது மகன். செபமாலையை எடுத்தால் பாதியில் எந்த மணியில் நிற்கிறேன் என்று மறந்துபோகிறது.

வருகிற ஞாயிறு பூசை முடிய நான் வங்காலைக்குப் போகிறேன். அஸ்மி தனியாகப் போக மாட்டேன் என்றான், அன்ரி வந்தால் வாறன் என்று நேற்று அழுகையோடு சொன்னான். ஸம்ஸியாவும் வருகிறா. அந்தத் தாய்க்கு உண்மை தெரிய வேண்டும். அன்றைக்கு நீ காட்டுக்குள் இருந்தால், நான் எந்த மனதோடு அவவின் முன்னால் போய் நிற்பேன் என்று யோசித்துப் பார்.

என் நெஞ்சே, உன் நெற்றியில் இங்கேயிருந்தே சிலுவை வரைகிறேன். யேசுவும் மாதாவும் உன் இரண்டு பக்கமும் நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறவாதே. உன்னோடு நடக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் என்னுடைய நம்பரைக் கொடு. அவர்களுடைய தாய்மாரின் நம்பர்களையும் நீ எழுதி உடுப்புக்குள் வைத்துக்கொள். யார் மிஞ்சினாலும் மற்றவனின் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று போவதற்கு முன்னமே பேசிக்கொள்ளுங்கள். எங்களில் ஒருத்தியையும் போனைப் பார்த்துக்கொண்டு இருக்க விடாதேயுங்கோ.

உன் வரவையே கேட்கும்,
அம்மா பிரான்சிஸ்கா லோறன்ஸ்