"புரிஞ்சுதா?" என்று கேட்ட டாக்டருக்கு

டாக்டர்,

இன்று காலை மளிகைச் சாமான் எழுதத் தாள் தேடினேன். உங்கள் மருந்துச் சீட்டுக் கட்டில் கடைசி ஏழெட்டுத் தாள்தான் மிச்சம். கிளினிக்கைக் காலி செய்த அன்று உங்கள் வீட்டம்மா, "வேணும்னா எடுத்துக்க செல்வி, குப்பைக்குத்தான் போவும்" என்று கொடுத்த கட்டு அது. முன்பக்கத்தில் உங்கள் பெயர், அதற்குப் பின்னால் ஒரு முழத்துக்குப் பட்டங்கள். பின்பக்கத்தில் துவரம்பருப்பு அரைக் கிலோ, கடுகு நூறு கிராம் என்று எழுதினேன். மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி அந்தத் தாளில் ஒருவழியாக ஏதோ எழுதியாயிற்று.

செத்துப்போனவரை இப்படிப் பேசலாமா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். இருந்தபோது யாரைப் பேசவிட்டீர்கள்?

அரியலூரில் உங்கள் கிளினிக்கில் டோக்கன் கொடுக்க நான் சேர்ந்தது தொண்ணூற்றெட்டில். கதவுக்கு வெளியே என் ஸ்டூல், உள்ளே நீங்கள். நாக்கை நீட்டு, மூச்சை இழு, அவ்வளவுதான் வைத்தியம். பிறகு குனிந்த தலை நிமிராமல் கிறுக்குவீர்கள். கிறுக்கிக்கொண்டே பாதி இங்கிலீஷில், பாதித் தமிழில், அந்தச் சீட்டுக்கே சொல்வதுபோல் ஏதோ சொல்வீர்கள். கடைசியில் பேனாவை மூடும்போது ஒரு கேள்வி வரும். "புரிஞ்சுதா?"

அந்த ஒரு வார்த்தையில் உங்களுக்கு எத்தனை பெருமை! ஏதோ ஒரு கூட்டத்தில் மாலை போட்டார்கள் என்று, "எந்தப் பேஷண்டையும் வெளக்கம் சொல்லாம நான் அனுப்புனதே இல்ல" என்று மைக்கில் சொன்னீர்களே, நானும் அன்று பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். என் கையை என்ன சொல்வது!

புரியவில்லை என்று அந்த அறைக்குள் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் "சரிங்க சார்" என்பார்கள். கதவு சாத்தியதும் என் ஸ்டூலுக்கு வந்து, "என்னம்மா சொன்னாரு டாக்டரு?" என்று ரகசியமாகக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததையும் சில நாள் சொல்லியிருக்கிறேன். கூட்டம் அதிகமாக இருந்தால் எரிந்து விழுவேன். உங்கள் கதவுக்கு வெளியே இருந்தாலும் உங்கள் திமிர் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

லூர்துமேரியை உங்களுக்கு நினைவிருக்காது. ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். கடலை பறிக்க விரல் மடங்கவில்லை, காலையில் எழுந்தால் சொம்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்று வந்தாள். மூட்டு வாதம் என்று கண்டுபிடித்தீர்கள். அதில் நீங்கள் கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. சின்ன மஞ்சள் மாத்திரை எழுதினீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது என்று எனக்கும் தெரியும். அதை இங்கிலீஷில் எழுதி, இங்கிலீஷில் சொல்லி, "புரிஞ்சுதா?" என்றீர்கள்.

வெளியே வந்து அவள் என்னிடம்தான் கேட்டாள். அன்று நாற்பது டோக்கன் போயிருந்தது, இன்னும் பதினைந்து பேர் பாக்கி. "உள்ள கேக்க வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். முகம் சுருங்கிப் போய்விட்டாள். மருந்துக் கடைக்காரர் கவரின் மேல் '1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று என்றுதானே எவரும் நினைப்பார்கள்? அவளும் தினம் ஒன்று சாப்பிட்டாள்.

பதினான்காம் நாள் வந்தபோது வாய் முழுக்கப் புண். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்ததைப் பார்த்தேன். தஞ்சாவூருக்கு அனுப்பினீர்கள். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

துக்கமெல்லாம் முடிந்து அவள் புருஷன் மாத்திரைக் கவரோடு வந்தார். சண்டைக்கு வரவில்லை. "தெனமும் வுடாம சாப்புட்டா சார். ஒரு நாளுகூடத் தப்புல. அப்புறம் ஏன் சார் இப்புடி ஆச்சு?" என்றார்.

நீங்கள் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "நான்தான் புரிஞ்சுதான்னு கேட்டேனே. சரின்னு தலைய ஆட்டுச்சே."

அந்த மனிதரும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு, நானும் சொல்லவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. என்னையும்தான்.

மூன்று வருடம் கழித்து உங்கள் முறை வந்தது. நெஞ்சு படபடக்கிறது என்று திருச்சிக்குப் போனோம். வீட்டம்மாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது என்பதால் துணைக்கு நான். அங்கே இருந்த இதய டாக்டர் உங்களைவிட இருபது வயது சின்னவர், உங்களைவிட அவசரக்காரர். தலை நிமிராமல் எழுதினார், எழுதிக்கொண்டே கடகடவென்று சொன்னார், "ஓகேதானே டாக்டர்?" என்றார். நீங்கள், "சரி சார், சரி சார்" என்று தலையை ஆட்டினீர்கள். அந்த ஆட்டலை நான் எட்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஆடுகிற தலைதான் புதிது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அவர் கையெழுத்து உங்கள் கையெழுத்தைவிடக் கேவலம். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "செல்வி, என்னம்மா சொன்னான் அவன்?" என்றீர்கள்.

மூன்று வருடம் தொண்டையில் இருந்தது வெளியே வந்துவிட்டது. "நீங்கதான் சரி சரின்னு தலைய ஆட்டுனீங்களே டாக்டர்?"

கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். "இதயம்னு சொன்னதுக்கு அப்புறம் ஒண்ணுமே காதுல ஏறல" என்றீர்கள்.

எனக்குக் காது இருந்தது. திங்கள், புதன், வெள்ளி முழு மாத்திரை, மற்ற நாளெல்லாம் பாதி, தலைவலிக்கென்று வேறு மாத்திரை தொடக்கூடாது, பத்தாம் நாள் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, "எங்க, வூட்டுக்குப் போயி எப்புடிச் சாப்புடுவீங்க? திருப்பிச் சொல்லுங்க" என்றேன்.

"தெனம் ஒண்ணு" என்றீர்கள்.

அத்தனை பட்டமும் வாங்கிய வாய்தான் அப்படிச் சொன்னது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை புதன்கிழமையை விட்டுவிட்டீர்கள். மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்தது.

திருந்துவீர்கள் என்று நம்பினேன் பாருங்கள், அது என் முட்டாள்தனம். அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல் கிளினிக், வழக்கம்போல் கிறுக்கல், வழக்கம்போல் "புரிஞ்சுதா?" கதவிடுக்கில் உங்களையே பார்த்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. அதற்கடுத்த வருடம் போய்விட்டீர்கள்.

இப்போது நான் பெரம்பலூரில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறேன். யாரிடமும் புரிந்ததா என்று கேட்பதில்லை. கவரைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று சொல்லச் சொல்கிறேன். "இந்தம்மா கடை நடத்துதா, பள்ளிக்கூடம் நடத்துதா?" என்று முதலாளி முனகுகிறார். பூலாம்பாடியிலிருந்து வருகிற ஒரு பெரியவர், "ஒன்னோட பெரிய ரோதனையாப் போச்சு" என்று திட்டிக்கொண்டே ஒப்பிப்பார். தப்பாகச் சொல்பவர்களைப் பார்த்து எனக்கு இப்போது எரிச்சல் வருவதில்லை. திருச்சியில் அந்தப் பெஞ்சில் நீங்களே தப்பாகச் சொன்னதைப் பார்த்த பிறகு அது போய்விட்டது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்தப் பொறுமை ஒன்றுதான்.

லூர்துமேரியை அன்று அந்த ஸ்டூல் பக்கத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்திருக்கலாம். அவளும் முதலில் தினம் ஒன்று என்றுதான் சொல்லியிருப்பாள். மூன்றாம் தடவை அவளும் சரியாகச் சொல்லியிருப்பாள், டாக்டர்.

செல்வி