சரியாகப் பத்து

ஏப்ரல் 26, செவ்வாய். மாலை 6.40

அயிக்கூ இன்று வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, படகு எதுவும் கடலுக்குப் போகாது. அதனால் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் அதிகம். நான் வழக்கம்போல மூன்று நிமிடத்துக்கு ஒரு மணி அடித்தேன், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி மணி. நான் உட்காரும் இடத்திலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி அவனுடைய நீல நாற்காலி. ஊரில் இருக்கும் நாளெல்லாம் சாயங்காலம் வந்து, முதுகை எனக்குக் காட்டி உட்காருவான். முப்பத்தேழு வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. உலகச் சாம்பியனின் முதுகை என்னளவுக்குத் தெரிந்தவன் இந்தப் புக்கோம் பேட்டையில் யாரும் கிடையாது.

நாற்காலி காலியாகவே இருந்தது. அதில் உட்கார யாருக்கும் தைரியம் இல்லை.

புளித்த சோளமாவு உருண்டையான கெங்கேயும் மீனும் வாங்கப் போனால் கடைக்காரி கோர்கோ அடுப்படியிலிருந்தே கத்துகிறாள். "என்ன பெரியவரே, ரெண்டு நிமிஷம் லேட்டு? பொண்ணு பார்க்கப் போயிட்டீங்களோ?" இரண்டு நிமிடம் இல்லை, மூன்று. இன்று நாள் முழுக்க என்னோடு பேசியது அவள் ஒருத்திதான். மீனில் உப்பு அதிகம்.

ஏப்ரல் 28, வியாழன். காலை 7.05

அயிக்கூ போய்விட்டான். விடியும்போது, ஆஸ்பத்திரியில். கோர்கோ வந்து கதவைத் தட்டிச் சொன்னாள். நான் "சரி" என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

தெரு முழுக்க அழுகை. நானும் அவனும் ஒரே வருடத்தில் ஒரே முற்றத்தில் பிறந்தவர்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை.

ஏப்ரல் 30, சனி. மாலை 5.15

வானொலியில் இரண்டு நாளாக அவனைப் பற்றிய பேச்சுதான். மேற்கு ஆப்பிரிக்கப் பட்டம், லண்டன், உலகப் பட்டம், அவன் கட்டிய பள்ளிக்கூடம். எங்கே தொடங்கினாலும் கடைசியில் முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய அந்த முதல் பட்டச் சண்டையின் ஒன்பதாவது ரவுண்டுக்கு வந்து நிற்கிறார்கள். தேஷி ஊர் அமார்ட்டேவின் அடியில் விழுந்தான், நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்தான், பதினோராவதில் அவனையே சாய்த்தான். பயிற்சிக்கூடச் சுவரிலும் அதைத்தான் ஆள் உயர எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்: எண்ணி முடிப்பதற்குள் எழு.

அந்த எழுத்துக்கு நேர் கீழேதான் என் ஸ்டூல்.

மே 3, செவ்வாய். காலை 10.20

அடோட்டே வந்தான். அயிக்கூவின் தம்பி மகன், சாவுக் காரியம் முழுவதும் அவன் தலையில். வெள்ளைச் சட்டை, இரண்டு கைபேசி, உட்கார நேரமில்லாத ஆள்.

"மாமா, திங்கட்கிழமை சத்தத் தடை ஆரம்பிச்சுடுது. அதுக்குள்ள எடுக்க முடியாது, லண்டன்லேர்ந்து ஆளுங்க வரணும். தடை முடிஞ்சு ஜூன் பதினெட்டு, சனிக்கிழமை. பத்து மணி நீங்கதான் அடிக்கணும்."

செத்த வீரனுக்குப் பத்துத் தடவை மணி அடிப்பது எங்கள் வழக்கம். எழுந்திருக்காதவனுக்கு எண்ணும் எண்ணிக்கை. வேறு யாரையாவது கூப்பிடு, எனக்கு வயதாகிவிட்டது என்றேன்.

"முடியாது மாமா. பெரியப்பா கடைசியா சொன்னதே அதுதான். 'டெட்டேயை அடிக்கச் சொல்லு. சரியா பத்து எண்ணச் சொல்லு'ன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு, சரியா பத்துன்னு. மருந்து மயக்கத்துல ஏதோ… பத்துன்னா பத்துதானே, அதுல என்ன சரி, தப்பு?"

அப்புறம் அந்தச் சண்டையில் நான் வைத்திருந்த கடிகாரம் வேண்டுமாம், கண்ணாடிப் பெட்டியில் வைக்க. தொலைந்துவிட்டது என்று சொன்னேன். பொய். அவன் சாய்ந்து நின்ற தகரப் பெட்டிக்குள்தான் இருந்தது.

மே 4, புதன். காலை 6.00

தூங்கவில்லை. இதை இந்த நோட்டில் ஒரு தடவைகூட எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

நேரம் பார்ப்பவன் சண்டையைப் பார்க்கக் கூடாது. அதுதான் என் தொழில். மேடைக்குக் கீழே உட்கார்ந்து கடிகாரத்தை மட்டும் பார்க்க வேண்டும். இருநூறுக்கு மேல் சண்டைகளில் நான் ஒரு குத்தைக்கூடக் கண்ணால் பார்த்தது கிடையாது. துறைமுக வாசலில் ஆள் வரும் நேரம் எழுதிய என் பகல் வேலையிலும் அப்படித்தான்: முகம் பார்க்க மாட்டேன், முள்ளைப் பார்ப்பேன்.

என்னிடம் இரண்டு நிறுத்துக் கடிகாரம். ஒன்று ரவுண்டுக்கு. மற்றது, யாராவது விழுந்தால் அந்த நொடி அழுத்த. அழுத்திவிட்டு, கையால் மேடைப் பலகையை அடித்து ஒன்று, இரண்டு என்று நான் எண்ணத் தொடங்குவேன். நடுவர் என் எண்ணிக்கையை வாங்கித் தொடர்வார்.

ஒன்பதாவது ரவுண்டில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. ஈர மணலில் தேங்காய் விழுந்த மாதிரி. உடனே கூட்டம் மொத்தமும் வாயடைத்துப் போனது. நான் தலையைத் தூக்கினேன்.

அயிக்கூ குப்புறக் கிடந்தான். அவன் முகம் என் முகத்துக்கு இரண்டடியில். கண் திறந்திருந்தது. என்னையே பார்த்தான். சின்ன வயதில் கடலில் ஒருநாள் அவனை அலை இழுத்துக்கொண்டு போனபோது இப்படித்தான் பார்த்தான். அன்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

பெருவிரல் பழக்கத்தில் கடிகாரத்தை அழுத்திவிட்டது. மற்ற கை பலகையை அடிக்கவில்லை. நடுவர் என் பக்கம் திரும்பிக் கையை ஆட்டிய பிறகுதான் "ஒன்று" என்று அடித்தேன். ஒன்பதில் அவன் எழுந்தான். கடிகாரத்தை நிறுத்திப் பார்த்தால் பதினான்கு வினாடி. பத்திலேயே அவன் தோற்றிருக்க வேண்டும்.

முள்ளைத் திருப்பிவிடும் பொத்தானை நான் அன்றிலிருந்து தொடவில்லை. இன்னும் பதினான்கில்தான் நிற்கிறது.

நான் திகைத்துப்போனேனா? இல்லை, என் தெருக்காரன் என்று வேண்டுமென்றே காத்திருந்தேனா? எனக்கே தெரியவில்லை. சத்தியமா தெரியல.

அதற்குப் பிறகு அயிக்கூ என்னிடம் பேசவில்லை. அவன் ஜெயித்த சண்டையை நான் கெடுத்துவிட்டேன் என்ற அருவருப்பு. முதுகு காட்டினான். நியாயம்தானே?

மே 9, திங்கள். மாலை 6.30

தடை தொடங்கியது. சோளம் விதைத்தாகிவிட்டது, இனி முப்பது நாள் ஊர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மேளம் இல்லை, தேவாலயத்தில் கைதட்டல் இல்லை, என் மணியும் இல்லை. மணிக்குப் பதில் வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டுகிறேன். குத்திக்கொண்டிருப்பவன் துணியைப் பார்ப்பானா? ஒரு ரவுண்டு ஐந்து நிமிடம் ஓடி, ஒருவனுக்கு மூக்குடைந்தது.

மணிச் சத்தம் இல்லாவிட்டால் நான் அங்கே இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை.

மே 15, ஞாயிறு. இரவு 7.50

ஹாம்பர்க்கிலிருந்து மகன் கூப்பிட்டான். நான்கு நிமிடம் பத்து வினாடி. சாவுக்கு வர முடியாதாம். நான் கேட்கவே இல்லை.

மே 22, ஞாயிறு. மாலை 4.00

ஒன்றும் இல்லை. யாரும் வரவில்லை.

மே 30, திங்கள். காலை 8.10

கோர்கோ இன்று கெங்கேயைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு என்னதான் ஆச்சு? ஆள் பாதியா இளைச்சுட்டீங்க. அந்தாளு உசுரோட இருக்கிற வரைக்கும் பேசலை, இப்ப செத்ததுக்கு நீங்க ஏன் சாகுறீங்க?"

"பத்து மணி அடிக்கணும்."

"அடிங்க. தினமும் அதைத்தானே பண்றீங்க?"

அவளுக்கு எப்படிச் சொல்வது? அமார்ட்டே இன்னும் இருக்கிறான். தேஷிக் கடற்கரையில் படகு மோட்டார் பழுது பார்க்கிறான் என்று கேள்வி. லண்டன் அவன் போயிருக்க வேண்டிய ஊர். சுவரில் அவன் கதையை எழுதியிருப்பார்கள். அவனிடம் சொல்லாமல், அயிக்கூவின் பெட்டிக்கு முன்னால் நின்று சரியாகப் பத்து எண்ண எனக்கு என்ன யோக்கியதை? அயிக்கூ என்னைத் தண்டித்துவிட்டுத்தான் போயிருக்கிறான். அவனுக்குத் தெரியும், என்னால் முடியாது என்று.

ஜூன் 4, சனி. மாலை 6.00

போனேன்.

காலை 9.25 வேனில் ஏறி 10.40க்குத் தேஷி. கடற்கரையில் விசாரித்தேன். ஒரு கூரைக்கடியில், பிரித்துப் போட்ட மோட்டாருக்குப் பக்கத்தில், முழங்கைவரை எண்ணெயோடு ஒரு கிழவன். தலை வழுக்கை. தோள் மட்டும் அதே தோள். என்னைப் பார்த்தான். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"வாய்யா மணிக்காரா. என்ன, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே?"

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. கடிகாரத்தை எடுத்து மோட்டார் மூடியின்மேல் வைத்தேன். "பதினாலு" என்றேன்.

"தெரியும். எதிர் மூலையில நின்னு நானும் எண்ணிக்கிட்டுதானே இருந்தேன். எனக்கு எண்ணத் தெரியாதா?"

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"யார் கேப்பா? தோத்தவன் பேச்சு. ரெண்டு மூணு வருஷம் உன்னையும் அவனையும் ஒரே வலையில கட்டிக் கடல்ல விடணும்னு இருந்தேன். அப்புறம் அவனே வந்தான்."

எனக்குப் புரியவில்லை. யார் வந்தது?

"அயிக்கூதான். உலகப் பட்டத்தோட திரும்பின வருஷம். தனியா வந்தான், இதே மணல்ல நின்னான். 'நான் கிடந்த நேரத்துக்கு ஒரு தூக்கமே போட்டிருக்கலாம், அது எனக்கும் தெரியும். இப்ப அடி'ன்னான். அடிச்சேன். அவனும் அடிச்சான். மணியடிக்க நீ இல்லையா, எப்ப நிறுத்துறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை. அவன் பல்லு ஒண்ணு இங்கதான் எங்கயோ கிடக்கு. அப்புறம் மீன் சுட்டுத் தின்னோம். அன்னையிலேர்ந்து வருஷா வருஷம் வருவான்."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே, அமார்ட்டே."

"நீ பேசுனியா?"

அவனே தொடர்ந்தான்.

"'அவன் கையை வேணும்னு நிறுத்தினானா, தெரியாம நிறுத்தினானா, அதை அவன் வந்து சொல்லட்டும், நான் ஏன் முதல்ல கேக்கணும்'னு அவனுக்கு ஒரு வீம்பு. நான் திட்டாத நாள் இல்லை. தினமும் உன் மணிச் சத்தம் கேக்குற தூரத்துல வந்து உக்காந்தானே, எதுக்குன்னு நினைச்சே? காத்து வாங்கவா?"



அவன் குனிந்து கேட்டான். "சரி, வேணும்னுதான் பண்ணியா?"

"தெரியல."

"முப்பத்தேழு வருஷம் யோசிச்சுமா?"

"ஆமா."

அவன் சிரிக்கவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்தான். "எனக்கு அது வலிக்கலைன்னு சொல்லமாட்டேன். ஆனா அதுக்கப்புறம் ரெண்டு ரவுண்டு இருந்துச்சு. அதுல நான் அடி வாங்கினேன். அது உன் கடிகாரத்துல இல்லை. ஊருக்குச் சொல்லணும்னு தோணுச்சுன்னா என்னைக் கேட்டுட்டுச் சொல்லு. எனக்கு வேண்டாம்."

பிறகு கடிகாரத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "முள்ளு இங்கயே நின்னா, அவனுக்குப் பத்து எதை வச்சு எண்ணுவே?" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டான். எண்ணெய்ப் பெருவிரலால். நான் கையை நீட்டுவதற்குள்.

முள் பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டது.

திரும்பி வரும்போது வேனில் அழுதேன். பக்கத்திலிருந்தவள் தன் குழந்தையை மடியில் இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டாள்.

ஜூன் 5, ஞாயிறு. காலை 5.50

பன்னிரண்டு அடி. எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் போதும். நான்தான் போகலை. நீயாவது திரும்பியிருக்கலாமேடா. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அந்தக் கழுத்தைத் திருப்பி, ஏண்டா டெட்டேன்னு கேட்டிருந்தா நான் என்ன சொல்லாமலா இருந்திருப்பேன்? பாவி. முப்பத்தேழு வருஷம் உன் முதுகையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேனேடா. எனக்கு வேற யார் இருந்தா?

ஜூன் 9, வியாழன். மாலை 6.30

தடை முடிந்தது. ஊரே மேளத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில். நானும் துணியில் கட்டி வைத்திருந்த மணியை அவிழ்த்தேன். எண்ணெய் போட்டேன்.

ஜூன் 18, சனி. மாலை 5.30

கறுப்பும் சிவப்புமான துக்க உடைகளால் தெரு நிறைந்திருந்தது. அடோட்டே ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னான். ஸ்டூலில் உட்கார்ந்து மணியை முழங்காலில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். எண்ணெய் வாடை. நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது.

"நான் இருக்கேன். எண்ணு" என்றான் அமார்ட்டே.

கடிகாரத்தை அழுத்தினேன். ஒன்று. இரண்டு. முன்பெல்லாம் முள்ளை மட்டும் பார்ப்பேன். இன்று பெட்டியையும் பார்த்தேன். ஒன்பது அடித்த பிறகு கை தானாக நின்றது. அந்தப் பழைய ஆசை. கொஞ்சம் பொறு, எழுந்துவிடுவான், கொஞ்சம் பொறு.

பத்து.

சரியாகப் பத்து எண்ணினேன், அயிக்கூ. நீ எழவில்லை.

ஜூன் 20, திங்கள். காலை 9.00

கடிகாரத்தை அடோட்டேவிடம் கொடுத்துவிட்டேன். தேடினேன், கிடைத்தது என்றேன். "ஓடுதா மாமா?" என்று கேட்டான். ஓடுகிறது.

ஜூன் 28, செவ்வாய்.

செவ்வாயில் படகு போகாது, மோட்டாரும் பழுதாகாது. அமார்ட்டே தேஷியிலிருந்து வந்துவிட்டான். நேராகப் போய் நீல நாற்காலியில் உட்காரப் போனான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவன் உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, என் ஸ்டூலுக்கு எதிரே என்னைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அப்புறம் உட்கார்ந்தான். முழங்கால் இடித்தது.

மோட்டார், மகள், முழங்கால் வலி, அயிக்கூ சாப்பிட்ட மீன் கணக்கு என்று பேசிக்கொண்டே இருந்தான். நானும் ஏதோ பேசினேன் போலிருக்கிறது. திடீரென்று மேடையிலிருந்து ஒருவன் கத்தினான். "யோவ் பெரியவரே, மணி என்னய்யா ஆச்சு? சாகடிக்கிறான்யா என்னை!" பார்த்தால் ரவுண்டு நான்கு நிமிடத்தைத் தாண்டிவிட்டது.

அவசரமாக அடித்தேன். அமார்ட்டே நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர்களைப் பார்த்துச் சொன்னான். "விடுங்கடா. இவன் கை எப்பவுமே கொஞ்சம் லேட்டுதான்."