பத்து தினார் ஹெட்செட்டும் பகல் தூக்கமும்

ஜனவரி 8, வியாழன்

இன்றும் அற்புதம் பத்தே முக்காலுக்கு எழுந்து வந்துவிட்டாள்.

நர்ஸ் மனைவிக்கு இந்த மாதம் முழுக்க நைட் டூட்டி. ஆஸ்பத்திரி வண்டி காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலில் இறக்கிவிடும். குளித்து, இரண்டு இட்லி தின்று, ஒன்பதுக்குப் படுப்பாள். வளைகுடாவில், மனாமாவுக்குப் பக்கத்து ஈசா டவுனில் எங்கள் ஃப்ளாட்டின் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருப்பது சுவர் அல்ல, சுவர் மாதிரி ஒன்று. அந்தப் பக்கம் அவள் தூங்குவாள். இந்தப் பக்கம் நான் பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறப்பேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்குக் காலையில் வேறென்ன வேலை?

விளையாட்டு இதுதான். ஒரு தீவு. அணிக்கு மூன்று பேர். தீவிலுள்ள மூன்று கலங்கரை விளக்குகளையும் ஏற்ற வேண்டும். மற்ற அணிக்காரர்கள் பின்னால் பதுங்கி வந்து நம்மை வீழ்த்தி விளக்கை அணைப்பார்கள். எங்கள் அணியில் நான், எங்கள் பள்ளியில் நூலகராக இருந்து இப்போது பக்கத்து நாட்டில், ரூவியில் மகன் வீட்டில் இருக்கும் நஸீரா டீச்சர், இன்னொரு நாட்டில், அல் குசைஸில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ரெனீஷ். ரெனீஷ் என் மாணவன். பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். இப்போது அவன்தான் கேப்டன். மகன் ஆபீஸ் போனால்தான் டீச்சருக்குக் கம்ப்யூட்டர் கிடைக்கும். மதியத்துக்கு மேல் ரெனீஷுக்கு டூட்டி. ஆகவே காலை பத்து மணியை விட்டால் வேறு வழி இல்லை.

அற்புதம் கதவருகே முடி கலைந்து நின்றாள். “வெளயாடுதியளா, இல்ல அசெம்பிளி நடத்துதியளா?”

ஸ்பீக்கரைக் குறைத்தேன். குறைத்தால் எதிரியின் காலடி கேட்காது. கேட்கவில்லை. செத்தேன்.

ஜனவரி 10, சனி

பேச்சுவார்த்தை முடிந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் யார் எடுப்பது என்றாள். சரிதான்.

ஹெட்செட் வாங்கப் பத்து தினார் ஒதுக்கியிருக்கிறாள். வேலையை விட்டதிலிருந்து நான் இந்த நாட்டில் இருப்பது அவள் விசாவில். என் கஃபீல், அதாவது ஸ்பான்சர், அவள்தான். கஃபீல் சொன்னால் சொன்னதுதான்.

“பத்துக்கு மேல ஒரு ஃபில்ஸ் கெடயாது. அதுக்கப்புறமும் என் தூக்கம் கெட்டுதுன்னா லேப்டாப்ப சர்ச் பஜாருக்குக் குடுத்துருவேன், பாத்துக்கிடுங்க.”

29ஆம் தேதி போட்டி. பதினாறு அணிகள். நாங்கள் பெயர் கொடுத்தாகிவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

ரெனீஷ் போனில் ஹெட்செட் பாடம் எடுத்தான். நோட்டில் குறித்துக்கொண்டேன். வயர் உள்ளதே போதும். வயர் இல்லாததற்குக் கொடுக்கும் கூடுதல் காசு பேட்டரிக்குப் போகிறது. பெட்டியில் போட்டிருக்கும் பெரிய பெரிய எண்களை நம்ப வேண்டாம். மனிதனுக்கு இரண்டு காதுதான். லைட் எரிகிற மாடல் வேண்டவே வேண்டாம். இது எனக்கே புரிந்தது. தலையில் மாட்டிய பிறகு அந்த லைட்டைப் பார்க்கப் போவது யார்? பின்னால் இருக்கும் ஃப்ரிட்ஜ்.

எடை முக்கியம் என்றான். நூறு கிராம் என்ன பெரிது என்று தோன்றும். மூக்குக் கண்ணாடிக்காரனைக் கேட்டால் தெரியும். இரண்டு மணி நேரத்தில் கண்ணாடிக் காம்பு பொட்டில் பள்ளம் பறித்துவிடும்.

“மைக்கப் பத்தி உங்களுக்குக் கவலயே வேணாம் சார்,” என்றான். ஏன் என்று கேட்டேன். சும்மா சொன்னேன் என்றான்.

ஜனவரி 13, செவ்வாய்

மனாமாவில் ஒரு சந்துக் கடை. கடைக்காரர் கோழிக்கோட்டுக்காரர், நம் தமிழ் நன்றாகப் பேசுகிறார். எட்டு ஹெட்செட்டை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, என் பின்னால் நடக்கச் சொன்னேன். இடமா வலமா என்று நான் சொல்ல வேண்டும். பாவம், எட்டு முறை நடந்தார். நடுவில் ஒரு வாடிக்கையாளரும் சேர்ந்து நடந்தார்.

எட்டாவதை மாட்டினேன். தடித்த தோல் மெத்தை, காதை அப்படியே கவ்விக்கொண்டது. குடத்துக்குள் தலையை விட்ட மாதிரி. கடைக்காரர் நடந்தார், கேட்கவில்லை. வாய் அசைந்தது, அதுவும் கேட்கவில்லை. உள்ளே சத்தம் வராது என்றால் வெளியேயும் போகாது. அற்புதத்துக்கு இதுதான் வேண்டும். “இதையே கொடுங்கள்” என்றேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல தேர்வு என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்பதரை தினார். லைட்டும் எரிகிறது. அது இல்லாமல் கிடையாதாம்.

ஜனவரி 14, புதன்

எதிரியின் காலடி மட்டுமல்ல, அவன் புல்லில் நடக்கிறானா மணலில் நடக்கிறானா என்பதுகூடத் தெரிகிறது. இரண்டு விளக்குகளை நானே ஏற்றினேன். வீடும் அத்தனை அமைதி.

பதினொன்றரைக்கு ஹெட்செட்டைக் கழற்றித் திரும்பினால் எனக்குப் பின்னால் அற்புதம். வாசலில் வாட்ச்மேன். அவருக்குப் பின்னால் எதிர் ஃப்ளாட் ஹிஃப்ஸா, கையில் கரண்டியோடு. வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்து மேலே வந்தாராம் வாட்ச்மேன். “பின்னாலிருந்து வருகிறான், முடித்துவிடு” என்று நான் போட்ட சத்தம் தரைத் தளம் வரை போயிருக்கிறது.

எல்லோரும் போன பிறகு அற்புதம் நாற்காலியில் உட்கார்ந்தாள். “முன்னயெல்லாம் கேம் சத்தமும் உங்க சத்தமும் சேந்து கேக்கும். வெளயாடுதாவன்னு தெரியும். இப்ப உங்க சத்தம் மட்டும் கேக்கு. தனியா ஒரு ஆளு கத்துத மாரி. ஒடம்பு வெறச்சுப் போச்சுங்க.”

ஜனவரி 15, வியாழன்

நான் சாதாரணமாகத்தான் பேசினேன். சத்தியமாக.

ஜனவரி 17, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது. காலையில் அற்புதம் லிஃப்டில் ஏறி, சுவரில் சாய்ந்து, நின்றபடியே தூங்கிவிட்டாள். லிஃப்ட் ஐந்தாம் மாடிக்குப் போனது, இறங்கியது, மறுபடி போனது. கீழே போகக் காத்திருந்த ஹிஃப்ஸாதான் பார்த்துக் கைபிடித்துக் கூட்டி வந்தாள். எத்தனை தரம் மேலும் கீழும் போனாள் என்று யாருக்கும் தெரியாது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பிறை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா ராத்திரி முழுக்க ஊசி மருந்தின் அளவு பார்க்கிறாள்?

திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. குளிக்கவில்லை, இட்லியைத் தொடவில்லை. படுக்கப் போய்விட்டாள்.

போதும். நாளைக்கு அணியில் சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

சொன்னேன். விலகுகிறேன், வேறு ஆள் பாருங்கள் என்றேன். “சரி சார்... இல்ல சார்...” என்று இழுத்தான் ரெனீஷ். பத்தாம் வகுப்பில் பரீட்சைப் பேப்பரை வாங்கிக்கொண்டு இப்படித்தான் இழுப்பான்.

நஸீரா டீச்சர்தான் கேட்டார். “சார், ஒரு வருசம் ஒங்களுக்குச் சளி புடிச்சு ரெண்டு காதும் அடச்சுக் கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒங்க கிளாஸ் கீழ. நான் மூணாவது மாடி லைப்ரரியில. அந்த வாரம் பூரா டிரிகனாமெட்ரிய நான் முழுசாக் கேட்டேன். எனக்கே பாதி வந்துருச்சு.”

போனை வைத்துவிட்டு இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். மொபைலில் பதிவு செய்தேன். விரலை எடுத்துவிட்டு ஒருமுறை. இரண்டையும் போட்டுக் கேட்டேன். முதல் பதிவில் இருப்பது வாய்ப்பாடு அல்ல, கலவரம்.

முப்பத்தோரு வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? நம் குரலை நாமே கேட்டுத்தான் அதற்கு அளவு வைக்கிறோம். காதை இறுக்கி மூடிவிட்டால் நம் சத்தம் நமக்குப் போதாமல் தோன்றும், கூட்டிக்கொண்டே போவோம். நோன்பு நாளில் நஸீரா டீச்சர் உப்புப் பார்க்காமல் குழம்பு வைப்பார். அவர் குழம்பில் உப்பு சரியாக இருக்கும். அவருக்குக் கை தெரியும். எனக்குத் தெரியவில்லை. கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஆக, நான் வாங்கியது நல்ல ஹெட்செட்தான். எனக்கு ஆகாத நல்ல ஹெட்செட்.

ஜனவரி 19, திங்கள்

மறுபடி மனாமா. காசு திரும்பத் தரமாட்டார்கள், ஏழு நாளுக்குள் வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம். இன்று ஆறாவது நாள். வெளிச்சத்தம் நன்றாக உள்ளே வருகிற ஹெட்செட் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருட வியாபாரத்தில் அப்படி யாரும் கேட்டதில்லையாம். அன்றைக்கு அவர் வாய் அசைத்துச் சொன்னது என்ன என்றும் விசாரித்தேன். “மெல்லப் பேசுங்க சார், ஆளுங்க பயப்படுறாங்க” என்றாராம்.

ஓரத்துக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்தார். துணி மெத்தை, மெலிசு, லைட் இல்லை. ஆறு தினார். ஆபீஸ்களில் போன் பேசும் பெண்கள் மாட்டுவது போல இருக்கிறது. ஆனால் அதில் சைட்டோன் என்று ஒரு வசதி. நாம் மைக்கில் பேசுவது நம் காதிலேயே திரும்பக் கேட்கும். துணி மெத்தையானதால் கோடையில் காது புழுங்காது என்பது தனி லாபம். மீதி மூன்றரைக்கு அற்புதத்துக்குக் கழுத்தில் வைக்கும் தலையணை ஒன்று எடுத்தேன். ஆஸ்பத்திரி வண்டியில் தூங்கலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

கடைசியாக ஒருமுறை, பரீட்சார்த்தமாக. மாட்டிக்கொண்டு “வணக்கம் டீச்சர்” என்றேன்.

யார் இந்த ஆள்? ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார்?

ரெனீஷிடம் கேட்டேன், வகுப்பிலும் இப்படித்தானா என்று. “அப்பவே சொல்லணும்னு இருந்துச்சு சார். பட் எப்படி சொல்றது? கடைசி பெஞ்சுக்கு ஏன் அவ்ளோ டிமாண்டுன்னு நெனச்சீங்க?”

ஜனவரி 22, வியாழன்

விலகலை வாபஸ் வாங்கியாகிவிட்டது. இப்போது வேறு தொல்லை. பயந்து பயந்து கிசுகிசுக்கிறேன். அற்புதம் அப்படியும் ஒருமுறை எழுந்துவிட்டாள். அணிக்கும் ஒன்றும் கேட்கவில்லை. “சார், மௌன விரதமா?” என்றான் ரெனீஷ். மூவரும் செத்தோம்.

சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்பும்போது அவளிடமே கேட்டேன். முடியைக் கொண்டை போட்டபடி சொன்னாள். “கிசுகிசுன்னு பேசவே கூடாது. அந்த ‘ஸ்ஸ்’ சத்தம்தான் பேஷண்ட எழுப்பும். குரல் இருக்கணும், கீழ இருக்கணும். ஃபேன் ஓடுத சத்தத்துக்கு அடியில வச்சுப் பேசுங்க.”

ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு வாக்கியம் பதிவு செய்து காட்டினாள். “ஆறாம் பெட்டுக்கு ட்ரிப் மாத்தணும்.” கூடத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பதிவில் ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரி இருந்தது. இருபத்தெட்டு வருடம் ராத்திரி வார்டில் பேசிய குரல். இதே வீட்டில் இருந்துகொண்டு கவனிக்காமல் இருந்திருக்கிறேன். கவனிக்க நான் எங்கே சும்மா இருந்தேன்?

ஜனவரி 26, திங்கள்

ஃபேனுக்கு அடியில். நான்காம் நாள். அவள் ஒன்றரை மணி வரை தூங்கினாள்.

ஜனவரி 29, வியாழன்

போட்டி. இரண்டு விளக்கு ஏற்றியாகிவிட்டது. மூன்றாவதில் நஸீரா டீச்சர் திரி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இடது காதில் காலடி கேட்டது. மணலில், இரண்டு பேர். முப்பத்தோரு வருடக் குரல் தொண்டை வரை வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். “டீச்சர். இடது பக்கம். ரெண்டு பேர்.” ஆறாம் பெட்டுக்கு ட்ரிப் மாற்றச் சொல்வது போலத்தான் சொன்னேன். டீச்சர் திரும்பி இருவரையும் கடலில் தள்ளினார்.

பதினாறு அணிகளில் ஐந்தாவது வந்தோம். போன முறை பதினாறாவது.

பதினொன்றரைக்கு வாசலில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். வாட்ச்மேன். கொஞ்ச நாளாகச் சத்தமே இல்லையே, சார் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று பார்க்க வந்தாராம். உதட்டில் விரல் வைத்துக் காட்டி, ஃபேனுக்கு அடியில் நன்றி சொன்னேன்.

அற்புதம் இரண்டே கால் வரை எழவில்லை.

பிப்ரவரி 7, சனி

அவளுக்கு இந்த மாதம் டே டூட்டி. இன்று ஆஃப். தூக்கம் போக நேரம் மிச்சம் இருக்கிறதே என்று செவ்வாயன்று டூட்டி முடிந்து வந்து ஒரு தரம் தனியாக விளையாடிப் பார்த்தாள். இன்று காலை அணியோடு இரண்டு தரம். கொஞ்ச நேரத்துக்கு முன் ரெனீஷ் எனக்குத் தனியாக போன் செய்து, ரொம்ப நேரம் ஏதேதோ விசாரித்துவிட்டு, மார்ச் போட்டிக்கு மேடத்தைப் போடலாமா, சாரை சப்ஸ்டிடியூட்டாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இதை சமையலறையில் நின்று எழுதுகிறேன். மேசையும் ஹெட்செட்டும் அவளிடம். ரசத்துக்குக் கடுகு போட்டேன், வெடித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்னங்க. கதவு. காலடி கேக்கல்ல.”

சாத்திவிட்டேன்.