மேசைமேல் மைசூர்பா

ஜூன் 16, 2025, திங்கள்
கல்லூரி திறந்துவிட்டது. எம்.ஏ. ஜெர்மன் இரண்டாம் ஆண்டில் எட்டுப் பேர் இருக்க வேண்டும். ஐந்து பேர்தான் வந்தார்கள். மற்ற மூவரும் பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் தேறி, ஜெர்மனிக்கு நர்சிங் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். போகுமுன் ஆளுக்கொரு மைசூர்பா டப்பா கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். எங்கள் துறையில் டப்பா வந்தால் ஓர் ஆள் குறைந்தது என்று அர்த்தம்.

கல்லூரிச் செயலாளர் கிருபாசங்கரைப் பார்த்தேன். ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர் நான். கேட்பதெல்லாம் உதவிப் பேராசிரியர் பதவியும், ஆராய்ச்சிக்கு வாரம் இரண்டு நாளும்தான். ஐந்து பேராவது நிலைத்தால் டிசம்பரில் உத்தரவு போட்டுவிடலாம் என்றார். ஐந்து பேர் இருக்கிறார்கள். யாரும் அசையக்கூடாது.

ஜூலை 3
ஐந்து வகுப்பு. ஆராய்ச்சி — ஒரு வரிகூட இல்லை.

ஜூலை 22
போரில் இடிந்த ஜெர்மன் நகரங்களைப் பற்றிப் பெண்கள் எழுதிய கதைகள் — இதுதான் என் புத்தகம். இரண்டாம் அத்தியாயம் போன வருடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இன்று ஒரு மணி நேரம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அலுவலகத்திலிருந்து ஆள். யாரோ பம்ப் கம்பெனிக்கு வந்த ஜெர்மன்காரர்களுக்கு மருதமலைக் கோயிலைச் சுற்றிக் காட்ட வேண்டுமாம். போனேன். படிக்கட்டு எத்தனை என்று கேட்டார்கள். இதற்கா முனைவர் பட்டம் வாங்கினேன்?

ஆகஸ்ட் 11
பிரவீனா பி1 எழுதப் போகிறாளாம். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் மகள். ஐவரில் கதைகளை உண்மையாகவே படிக்கிற ஒரே பிள்ளை. செயலாளரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "நீங்க நல்லாச் சொல்லிக் குடுக்கறதுனாலதானுங்க மேடம் எல்லாம் போயிருதுங்க. கொஞ்சம் மெதுவாச் சொல்லிக் குடுங்களே" என்றார்.

வரும் வழியில், ஆர்.எஸ்.புரம் சிக்னலில், ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து ஆட்டோக்காரர் என்னையே பார்த்தார்.

ஆகஸ்ட் 20
மெதுவாகத்தான் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், ஒரு வாரம். பழைய பாடத்தையே திருப்பினேன். பயிற்சித் தேர்வைத் தள்ளிப் போட்டேன். இன்று வகுப்பு முடிந்ததும் பிரவீனா கிட்டே வந்தாள். "உடம்பு சரியில்லீங்களா இஸ்மத் மேடம்?"

வெட்கமாகப் போய்விட்டது. சாயங்காலமே அவளை உட்காரவைத்துப் பேச்சுத் தேர்வுக்கு முழுப் பயிற்சியும் கொடுத்தேன். தேறிவிடுவாள், பாவி.

அக்டோபர் 8
தேறிவிட்டாள். டப்பா வந்துவிட்டது.

அவள் அப்பா பொங்கியண்ணனும் வந்து, எல்லாம் உங்களால்தான் என்று கும்பிட்டார். எனக்கு அழுகை முட்டியது, சந்தோஷத்தில் இல்லை. அவர் வெளியே போனதும், கதை படிக்கத்தான் பிடிக்கும் என்றாயே, என்ன ஆயிற்று என்று அவளைக் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"படிச்சுப்போட்டு, உங்கள மாதிரியே ஒக்காந்திருக்கணுங்களா மேடம்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் வலிக்கிறது. டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 9
ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேலை விளம்பரம். பாதி கற்பித்தல், பாதி ஆராய்ச்சி, மூன்று வருடம். இரண்டு வாரமாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இன்று விண்ணப்பித்துவிட்டேன். கோபத்தில்தான். கிடைக்காது.

டிசம்பர் 15
நான்கு பேர்தான் என்றதும் கிருபாசங்கர் எனக்கு டீ வரவழைத்தார். "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க."

இந்த ஊரில் முடியாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பார்த்துக்கொள்ளலாம் என்றால் முடிந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தும் ஆறு வருடம் அதை வாக்குறுதி என்று நம்பியிருக்கிறேனே, என்னைச் சொல்ல வேண்டும். வீட்டில் அத்தா வேலை என்னம்மா ஆச்சு என்று கேட்டார். பாத்துக்கலாம் அத்தா என்றேன்.

ஜனவரி 21, 2026
கணினி முன்னால் ஜெர்மனி வேலைக்கான நேர்காணல். முழுக்க என் இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். வகுப்பில் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 10
நேற்று மின்னஞ்சல் வந்தது, வேலை எனக்குத்தான். அத்தாவிடம் சொன்னேன். குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்று கேட்டார்.

ஏப்ரல் முதல் தேதி சேர வேண்டும். என் நான்கு பேருக்கும் மே மாதம் தேர்வு. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காலையில் ஒரு டப்பா மைசூர்பா வாங்கிப் போய் வகுப்பு மேசையில் வைத்தேன்.

யாரும் கை நீட்டவில்லை. முதல் வரிசையில் ரூபன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த ஊருங்க மேடம்?" என்றான்.