அமெரிக்காவுக்கு அனுப்ப ஒரு படம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

ரஷ்யாவில் டொக்டருக்குப் படித்துவிட்டு வந்த ரமணன் எங்கள் வார்டில் தாதிமார் எங்களுக்கு உதவியாளாக நிற்கிறான். நோயாளிகளோடு வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் அமெரிக்க ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு எடுப்பார்களாம். அனுபவமாம்! இதுவரை ஒரு படுக்கை விரிப்பைக்கூட அவன் மாற்றியதில்லை.

இன்று குருநகரிலிருந்து வந்து படுத்திருக்கும் ஐயாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு என்னிடம் போனை நீட்டினான்.

"அக்கா, அமெரிக்காவுக்கு அனுப்ப ஒரு படம் எடுங்கோ."

"படத்தைப் பிறகு எடும் தம்பி, எனக்கு மூத்திரம் முட்டுது" என்றார் ஐயா.

ரமணன் முகத்தைச் சுளித்தான். "அக்கா, உவரை ஒருக்காப் பாருங்கோ."

நான் மூத்திரப் போத்தலை அவன் கையில் திணித்தேன். ஐயாவுக்கோ பொறுக்க ஏலாது. வேறு வழியில்லாமல் பிடித்தான்.

ஐயா படத்தில் விழாதபடி, அவனையும் நிறைந்த போத்தலையும் மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அனுபவம் தெளிவாக விழுந்திருக்கிறது.